எழுபத்தொரு விநாடி

"காலையில சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"காபி."

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் பேனாவை மூடி வைத்தான். நிதானமாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"காபி குடிக்கிறது, மேடம். நான் சாப்பிட்டதைக் கேட்டேன்."

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆறாவது மாடி மீட்டிங் ரூம். வாரா வாரம் அவள் எழுந்து நின்று பேசினால் மொத்த டீமும் தலையாட்டிக் கேட்கும் அறை. இன்று மேஜையெல்லாம் ஓரங்கட்டி, நாலு மடக்குக் கட்டில் போட்டு, ரத்ததான முகாமாக மாறியிருந்தது. அங்கே போய், முன்பின் தெரியாத ஒருவனிடம் இப்படிக் குட்டு வாங்கிக்கொண்டு நிற்பதா...

"சார், நானா விருப்பப்பட்டு ரத்தம் கொடுக்க வந்திருக்கேன். நீங்க என்னவோ, பரீட்சைக்கு லேட்டா வந்தவளை நிறுத்தி வெச்ச மாதிரி..."

"பரீட்சைன்னா உள்ள விட்டிருப்பேன். இது வெறும் வயிறு. எழுந்திருக்கும்போது தலை சுத்தும். கீழ போய் ரெண்டு வாழைப்பழம், நாலு பிஸ்கட். அரை மணி நேரம் கழிச்சு வாங்க. உங்க ஃபாரம் பத்திரமா இங்கயே இருக்கும்."

"வரலைன்னா?"

"வருவீங்க. கோவமா போறவங்கதான் கரெக்டா திரும்பி வருவாங்க."

என்ன திமிர்! லிஃப்ட் கதவு மூடியதும் அவள் பல்லைக் கடித்தாள். ஆனால் இரண்டாவது மாடி வருவதற்குள் கோபம் எங்கோ இறங்கிப் போய்விட்டது. அந்தக் கண்கள்... வாய் கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருந்தபோதே கண்கள் மட்டும் "கோவிச்சுக்காதீங்க" என்று தனியாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. கேன்டீனில் இரண்டுக்கு மூன்று வாழைப்பழமாகத் தின்றுவிட்டு அவள் திரும்பியபோது, அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருக்கு."

"உள்ள விடுவீங்களா, மாட்டீங்களா?"

"படுங்க, படுங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா சிரித்தாள். "அவரை நாங்க கடிகாரம்னுதான் கூப்பிடுவோம். எல்லாத்துக்கும் நேரம் பார்ப்பாரு. கண்டுக்காதீங்க."

ஊசி ஏறியது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எதிர்க் கட்டடம் கரைந்து, சாலை கரைந்து, ஆறாவது மாடி மட்டும் மேகத்துக்குள் தனியாக மிதப்பது போல இருந்தது. கடிகாரம் அவளுடைய ஃபாரத்தின் மீதிக் கட்டங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"இந்தக் காலத்துல கையால எழுதறீங்களே... உங்க ரத்த வங்கியில கம்ப்யூட்டர் கிடையாதா?"

"இருக்கே! பேஷா இருக்கு. ஆனா ஷீட்டைத் திறந்து அது எழுந்து வர்றதுக்குள்ள உங்க ரத்தமே உறைஞ்சிடும்."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கை ஆட, நர்ஸம்மா முறைத்தாள்.

"நிஜமாங்க. அந்த ஷீட்டோட ஒரு ஆட்-இன்னை ஒட்டி வெச்சிருக்காங்க. பேர் என்னவோ பெருசா வெச்சிருக்காங்க. நாங்க மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோம். கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நடுக் கூடத்துல உட்கார்ந்துக்கும். அது சௌகரியமா உட்கார்ற வரைக்கும் வீட்டுல ஒருத்தரும் ஒரு வேலையும் பார்க்க முடியாது!"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆட்-இன் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கட்டம் கட்டமாகக் கணக்கு வைத்திருக்கும் ஷீட்டோடு சேர்ந்துகொண்டு, அது செய்யாத கூடுதல் வேலைகளைச் செய்து தரும் சின்ன நிரல். ரத்த வங்கிக்காக எழுதப்பட்டது நாலு வேலை செய்யும்... கேட்ட ரத்த வகைக்குப் பொருத்தமான கொடையாளியைத் தேடும். காலாவதி ஆகப்போகும் பைகளை முன்னால் காட்டும். பைக்கு லேபிள் அடிக்கும். கொடையாளிக்குக் கடிதம் எழுதும்.

அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுதியதே அவள்தான்.

"எவ்வளவு... எவ்வளவு நேரம் ஆகும், திறக்க?"

"எழுபத்தொரு விநாடி. சில நாள் இன்னும் கூட. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கு அது ஒரு யுகம். ஒரு திங்கட்கிழமை, அஞ்சு பேர் நிக்கறாங்க. ஒரு பொண்ணுக்குப் பிரசவத்துல சிக்கல், உடனே பை வேணும். ஷீட் சுத்திக்கிட்டே இருக்கு. நான் விட்டுட்டு எழுந்து போய், ஃபிரிட்ஜைத் திறந்து, லேபிளை ரெண்டு தடவை சரிபார்த்துக் கையாலேயே எடுத்துக் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணு பிழைச்சுது. ஆனா ஷீட்ல பதியாம பை வெளிய போனது தப்பு. விசாரணை வெச்சாங்க."

"ஆட்-இன் மெதுவா இருக்குன்னு நீங்க எழுதிக் கேக்கலையா?"

"மூணு தடவை. மூணாவதுக்குத்தான் பதில் வந்துச்சு. மனப்பாடமாவே சொல்வேன்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். "'ஆட்-இன்னில் குறை ஏதும் இல்லை. பயன்படுத்துபவரின் கவனக்குறைவே தாமதத்துக்குக் காரணம்.' என்ன சுத்தமான தமிழ் பாருங்க! ஒரு எழுத்துப்பிழை கிடையாது. அதைத்தான் விசாரணையில படிச்சாங்க. எட்டு வருஷம் உட்கார்ந்த கவுண்ட்டர். மறுநாள் முகாம் வேலைக்கு மாத்திட்டாங்க. இப்போ கட்டில் மடக்கறேன், ஃபாரம் எழுதறேன். பரவாயில்ல, ஊர் சுத்திப் பார்க்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது. கண்கள் சிரிக்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அந்த இரண்டு வரி... மத்தியான சாப்பாட்டுக்குக் கீழே போகிற அவசரத்தில், ஒரு கையில் பர்ஸை வைத்துக்கொண்டு, நின்றபடியே அடித்த இரண்டு வரி. வந்த புகாரில் அனுப்பியவர் பெயர் கூட இல்லை, 'இரண்டாம் கவுண்ட்டர்' என்றுதான் இருந்தது. இரண்டாம் கவுண்ட்டருக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று அன்று அவளுக்குத் தோன்றவே இல்லையே...

"மேடம்? மேடம்! முகம் வெளுக்குது, காலைத் தூக்குங்க!"

அவள் மயங்கப்போகிறாள் என்று நினைத்துவிட்டான். கால்மாட்டில் தலையணையை வைத்தான். ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்தி நீட்டினான். "மெதுவா... மெதுவா உறிஞ்சுங்க. ஒண்ணும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவளுக்கு விசிறிக்கொண்டு நின்றான், அதுவும் அவளுடைய கம்பெனி விளம்பர அட்டையாலேயே. பூமி பிளந்தால் கட்டிலோடு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நீங்க இங்க என்ன வேலை பார்க்கறீங்க?" பேச்சை மாற்றி அவளைத் தெம்பாக்க நினைத்து அவன் கேட்டான்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம்.

"ஹெச்.ஆர்.," என்றாள்.

*

மறுநாள் காலை ஏழரை மணிக்கே அவள் ஆபீஸில் இருந்தாள். துப்புரவுக்கார அம்மா நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். பழைய அஞ்சல்களைத் தோண்டி அந்த மூன்று புகார்களையும் எடுத்து முதல் தடவையாக முழுசாகப் படித்தாள்.

அவை புகார் மாதிரியே இல்லை. ஒரு திட்டுச் சொல் கிடையாது. ஒரு வாரம் முழுக்கக் கைக்கடிகாரத்தை வைத்து அளந்து எழுதியிருந்தான். 'திங்கள், ஒன்பது பத்து: எழுபத்தொரு விநாடி. செவ்வாய், லேபிள் பிரின்டர் அணைந்திருந்தபோது: தொண்ணூறு.' மூன்றாவது கடிதத்தின் கடைசிப் பத்தியில் அவள் கண் நின்றுவிட்டது.

'எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் கோப்பைத் திறக்கும்போதே நாலு வேலைக்கும் ஆளைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைப்பது போலத் தெரிகிறது. லேபிள் அடிக்கும்போது மட்டும் பிரின்டரைத் தேடினால் போதாதா? எது தேவையோ அதை, தேவைப்படும்போது மட்டும் ஏற்றிக்கொள்ள வழி உண்டா? தயவுசெய்து பார்க்கவும்.'

அதேதான். குறை அதேதான், மருந்தும் அதேதான். எட்டு வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்தது, எழுதிய அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய புது மெஷினில் அந்த ஷீட் மூன்று விநாடியில் திறந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'குறை ஏதும் இல்லை' என்று எழுதினாள். ரத்த வங்கியின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உட்கார்ந்து பார்த்திருந்தால்...

அன்றே வேலையை ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான். ஒரே மூட்டையாகக் கட்டியிருந்ததை நாலு தனித் துண்டாகப் பிரிக்க வேண்டும். ஷீட் திறந்தால் நாலு பொத்தான் மட்டும் வர வேண்டும். பொத்தானை அழுத்தினால்தான் அதற்கான துண்டு எழுந்து வர வேண்டும். சொல்லச் சுலபம். ஆனால் லேபிள் துண்டு காலாவதிப் பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்தது, அது தேடல் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வந்தது. கவுண்ட்டரில் எதை முதலில் தொடுகிறார்கள், எதற்குப் பிறகு எது என்று தெரிந்தால்தான் சிக்கலைப் பிரிக்க முடியும்.

அது தெரிந்தவன் ஒருவன்தான்.

கொடையாளி அட்டையை வாங்கிக்கொள்கிற சாக்கில் ரத்த வங்கி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். பின்வாசல் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. மடக்குக் கட்டில்கள், ஐஸ் பெட்டிகள், ஒரு வேன். அவளைப் பார்த்ததும் அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அடேயப்பா, ஹெச்.ஆர். மேடம்! சாப்பிட்டுத்தான் வந்தீங்களா?"

அவன் கூப்பிட்ட 'ஹெச்.ஆர்.' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். டீ வந்தது. டீ குடித்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். டீ தீர்ந்தது.

"உங்க ரத்தம் நேத்தே போயிடுச்சு தெரியுமா? ஒரு லாரி டிரைவருக்கு. இனிமே அவர் கணக்குப் பார்த்து முறைப்பா பேசினா, அது உங்க குணம்தான்."

அவள் சிரித்தாள். அப்புறம் எப்படிச் சொல்வது...

இப்படியே ஒரு தடவை ஐந்து தடவை ஆயிற்று. சும்மா கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். "கவுண்ட்டர்ல காலையில முதல் வேலை என்ன?" "ஒரு பை கேட்டு வந்தா, முதல்ல எதைப் பார்ப்பீங்க?" பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் அவன் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டுவான். பேசப் பேச அவன் குரல் மாறும். அந்தக் கவுண்ட்டரை அவன் எவ்வளவு நேசித்தான் என்பது விரல் நுனியில் தெரியும். எந்தக் கொடையாளிக்குக் காலையில் போன் செய்தால் எரிச்சல் வரும், யார் ஒரு சொல் சொன்னால் பஸ் ஏறி வந்துவிடுவார், எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அந்தத் தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் திருடிக்கொண்டு போவது போல இருக்கும். முன்பு அவன் சொன்னதைக் கேட்கவே இல்லை. இப்போது அவனுக்குத் தெரியாமல் கேட்டு எடுத்துக்கொள்கிறாள். எது பெரிய பாவம்?

"என்னடி, சாதத்தைப் போட்டு எண்ணிட்டிருக்கே?" என்றாள் அண்ணி. அண்ணன் வெளியூர் வேலையில் இருந்ததால் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் வாரத்துல ரெண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் மாறி வர்றியா?"

அவளுக்குப் புரையேறியது. அண்ணி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

*

ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. டீம் லீடர் பார்த்தார், துள்ளிக் குதித்தார். "தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது... பிரமாதமான யோசனைம்மா! ரத்த வங்கிக்கே போய்ப் போட்டுக் காட்டிடுவோம். நம்ம எல்லா ஆட்-இன்னையும் இப்படி மாத்திடலாம்."

'யோசனை என்னுடையது இல்லை' என்ற வாக்கியம் அவள் தொண்டை வரை வந்தது. மேலே வரவில்லை.

ரத்த வங்கியில் பெரிய டாக்டரம்மா, ஊழியர்கள் எல்லோரும் இரண்டாம் கவுண்ட்டரின் பழைய கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். அவள் ஷீட்டைத் திறந்தாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. திறந்துவிட்டது. நாலு பொத்தான்கள் பளிச்சென்று நின்றன. யாரோ "ஆ!" என்றார்கள்.

"இதுக்கு முழுக்காரணம் இவங்கதான்," என்று லீடர் அவள் பக்கம் கையைக் காட்டினார். "ரெண்டு வருஷம் முன்னாடி இந்த ஆட்-இன்னை எழுதினதும் இவங்க. இப்போ இந்த யோசனையும் இவங்களோடது."

கைதட்டல். அவள் தலையைத் தூக்கினாள். வாசலில், இரண்டு கையாலும் ஐஸ் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, அவன்.

நனைந்திருந்தான். முகாமிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். நெற்றியிலிருந்து நீர் சொட்டியது, துடைக்கக் கை இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவன் போல... அவள் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

பெட்டியை மேஜையில் வைத்தான். பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அவள் மீதியையும் செய்து காட்டினாள். பொத்தானை அழுத்தினாள், விளக்கினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசியது. அவன் போன பிறகும் நின்று அதைச் செய்து முடித்தாளே, அதை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி, அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, கேட்டாள்.

"சரி. இப்போ என்ன பண்ணப்போறே?"

"அவர்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கப்போறேன்."

"கேளு. ஆனா அது ரெண்டாவது வேலை. அவரைப் பத்தித் தப்பா எழுதினது அவர் வீட்டுச் சுவத்துலயா இருக்கு? ஆபீஸ் காகிதத்துல இருக்கு. முதல்ல அங்க போய் அழி. அதை விட்டுட்டு அவர் முன்னாடி நின்னு கண்ணைக் கசக்கினா, உன் பாரம்தான் குறையும். அவருக்கு என்ன குறையும்?"

மறுநாள் காலை அவள் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பெரிய டாக்டரம்மாவுக்கு, நகல் டீம் லீடருக்கு. 'தாமதத்துக்குக் காரணம் நான் எழுதிய ஆட்-இன். இரண்டாம் கவுண்ட்டரின் புகாரை நான் முழுதாகப் படிக்காமல், அங்குள்ள கணினியில் சோதிக்காமல், பயன்படுத்துபவர் மீது பழி போட்டேன். அது பொய். புதிய முறையின் யோசனை அவருடைய மூன்றாவது கடிதத்தில் உள்ளது. கடிதத்தை இணைத்திருக்கிறேன். என் பதிலை வைத்து அவருக்கு எதிராக எடுத்த முடிவை மறுபடி பார்க்க வேண்டுகிறேன்.' அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

லீடர் கொதித்தார். "கம்பெனி மானத்தையே வாங்கிட்டியேம்மா!" அந்த வாரமே, அதே ஆறாவது மாடி அறையில், மொத்த டீமுக்கும் முன்னால் எழுந்து நின்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டி வந்தது. ஆட்-இன் வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டு, மற்றவர்கள் எழுதிய ஆட்-இன்களுக்கு வரும் புகார்களைப் பார்க்கும் மேஜையில் போட்டார்கள். காது மடல் எரிய எரிய நின்று கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்று மத்தியானம், வெகுநாளைக்குப் பிறகு, சாப்பாடு தொண்டையில் இறங்கியது.

அவனைத் தேடிப் போனாள். ஒரு பனியன் தொழிற்சாலையின் பின் வராந்தாவில் முகாம். அவளைப் பார்த்ததும் அவன் குனிந்துகொண்டான்.

"ஹெச்.ஆர். மேடம், கொஞ்சம் வழி விடுங்க. பின்னால ஆள் நிக்கறாங்க."

"ரெண்டே நிமிஷம், சார்..."

"உங்க ரெண்டு நிமிஷத்துல என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. அவள் நகரவில்லை. "எழுதிட்டேன் சார். உங்க டாக்டரம்மாவுக்கு. கவுண்ட்டரை உங்களுக்கே..."

"எனக்கு நீங்க சிபாரிசா?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "பாவப்பட்டுக் கொடுக்கற நாற்காலியில நான் உட்கார மாட்டேன்."

"சிபாரிசு இல்ல. நான் எழுதின பொய்யை நானே திருப்பி எடுத்திருக்கேன். நாற்காலியை வாங்கறதும் வேண்டாம்ங்கறதும் உங்க இஷ்டம். நான் அதுக்காக வரல. அன்னிக்கு வாசல்ல நீங்க நின்னப்போ நான் பேசியிருக்கணும். பேசல. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். கேட்டுட்டேன். வர்றேன்."

ஃபாரத்தில் அவன் பேனா வைத்த இடத்தில் மை ஊறிக்கொண்டே இருந்தது.

*

பதினைந்து நாள் கழித்து அவளுடைய புது மேஜைக்கு ஒரு புகார் வந்தது. அனுப்பியவர்: இரண்டாம் கவுண்ட்டர்.

அந்த நடை! அந்த விநாடிக் கணக்கு! கவுண்ட்டருக்குத் திரும்பிவிட்டானா...

'லேபிள் பொத்தானை முதல் முறை அழுத்தும்போது ஐந்து விநாடி எடுக்கிறது. வேலை நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினால் இரண்டு லேபிள் வருகிறது. ஒரு பைக்கு இரண்டு லேபிள் ஆபத்து. உடனே கவனிக்கவும்.'

ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் பதில் அடித்தாள். 'குறை எங்களுடையது. இன்றே நேரில் வருகிறேன்.'

இப்போது அந்த ஆட்-இன்னைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் விவரத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் பஸ் ஏறினாள். கவுண்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன். தலை சீவி, சட்டை மடிப்புக் கலையாமல், முன்னால் நின்ற பெரியவரிடம் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே, பக்கத்து நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டான். பேசவில்லை.

வரிசை ஓய்ந்த நேரத்தில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பொத்தானை ஒரு தடவை அழுத்தியதும் அது மங்கிவிட வேண்டும், துண்டு எழுந்து வந்த பிறகுதான் மறுபடி உயிர் வர வேண்டும். நாலே வரி. அவனுடைய பழைய கம்ப்யூட்டரிலேயே பத்து தடவை சோதித்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் மணிக்கட்டைப் பார்த்தான். பத்து தடவையும் ஒரே ஒரு லேபிள்.

"சரியாப் போச்சு," என்றான். அப்புறம் பக்கத்துக் கவுண்ட்டரிடம், "அஞ்சு நிமிஷம் பார்த்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தான். "டீ குடிக்கலாமா?"

பின் வராந்தா. தகர ஓரத்திலிருந்து மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கையிலும் டீ. யாரும் குடிக்கவில்லை.

"டாக்டரம்மா கூப்பிட்டு என் மூணு கடிதத்தையும் சத்தமாப் படிச்சாங்க. எல்லார் முன்னாடியும். விசாரணைக் குறிப்பையே திருத்திட்டாங்க," என்றான். "பாவப்பட்டுக் கொடுக்கலன்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

"ம்."

"உங்களுக்கு வேலையில கஷ்டமாமே?"

"எனக்கு அது வேணும் சார். புகாரை எல்லாம் முழுசாப் படிக்கக் கத்துக்கறேன்."

அவன் மழையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன். "எனக்கு முன்னாடியே தெரியும்."

"எது?"

"நீங்கதான் அந்த ஆட்-இன்னையும் அந்தப் பதிலையும் எழுதினவங்கன்னு. மூணாவது தடவை கொட்டகைக்கு வந்தீங்களே, அன்னிக்கே. ஹெச்.ஆர்.ல இருக்கறவங்க, 'பிரின்டர் அணைஞ்சிருந்தா எவ்வளவு நேரம் தேடும்'னு கேக்க மாட்டாங்க."

அவள் சட்டென்று திரும்பியதில் டீ விரலில் சிந்தியது. "தெரிஞ்சுமா எனக்கு எல்லாத்தையும் வரைஞ்சு கொடுத்தீங்க? ஏன்... ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். அன்னிக்கு வாசல்ல நின்னப்போ கூட, இப்போ சொல்லிடுவாங்க, இப்போ சொல்லிடுவாங்கன்னு... அதான் கோவம். எழுதினதுக்கு இல்ல." அவன் நிறுத்தினான். காது வரை சிவந்திருந்தான். "ஆனா என் மேலயும் தப்பு இருக்கு. நான் கேட்டுட்டா நீங்க வெட்கப்பட்டு வர்றதையே நிறுத்திடுவீங்களோன்னு பயம். அதனால தெரியாத மாதிரியே இருந்தேன். நானும் பொய்தான் சொல்லியிருக்கேன், வாயைத் திறக்காமலே."

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் நிறைந்திருந்தது வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நானும் அதுக்குத்தான் சொல்லல. முதல் நாள் பயத்துல பொய் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு நாளும், சொல்லிட்டா உங்க முகம் மாறிடுமே, அப்புறம் அந்தக் கொட்டகைக்கு எந்த முகத்தோட வர்றதுன்னு... வேலைக்காக மட்டும் வரல சார். அம்புக்குறி போட்ட தாளுக்காக மட்டும் வரல."

"பின்ன?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அதுல நீங்க கெட்டிக்காரர்னு இப்போதான் சொன்னீங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்ல வெட்கமா இருக்கு. ரெண்டு மாசமா உங்க முகத்தைப் பார்க்க முடியாம வெட்கப்பட்டேனே... இது அது இல்ல. இது வேற வெட்கம்."

அவன் அவள் கையிலிருந்த டீயை வாங்கிப் படியில் வைத்தான். சிந்தியதில் அவள் விரல் சிவந்திருந்தது. அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, ஓரத்திலிருந்து ஒழுகிய மழை நீரில் நீட்டிப் பிடித்தான். இரண்டு பேர் கையும் சேர்ந்து நனைந்தது.

"எனக்கும்தான்," என்றான். "அந்த வெட்கம், இந்த வெட்கம்... ரெண்டுமே."

உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை.

"உங்க வீட்டுல நான் யார்கிட்ட வந்து பேசணும்?"

"எங்க அண்ணிகிட்ட."

"ரொம்பக் கேள்வி கேப்பாங்களா?"

"கேப்பாங்க," என்றாள் அவள். "ஆனா பாதி அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதியை நீங்க உண்மையாச் சொல்லிடுங்க."